உன் குரலில் நான் சொன்ன செபம்

எத்தனை கேலி பண்ணினாலும் ஒருநாளும் என்னிடம் முகம் சுளிக்காத என் இன்னாசி மச்சானுக்கு,

"தோத்திரம்" என்று எழுதித்தான் ஆரம்பிக்கப் போனேன். பேனாவை நிறுத்திக்கொண்டேன். அது உன் வார்த்தை. இனி உன் வார்த்தை எதையும் உன்னைக் கேட்காமல் எடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். எத்தனை நாள் தாங்கும் என்று உன் தங்கச்சி லூர்து இப்போதே சந்தேகப்படுகிறாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே கிடக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பத்தரை மணி. உள்ளே முத்துலட்சுமி என்று ஓர் அம்மா இருக்கிறார். உனக்குத் தெரியாதவர். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், நடவு வேலைக்குப் போகிறவர், வயிற்றில் கட்டி. அந்தக் கட்டியை ஒன்றரை மாசத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவிடாமல் செய்தது நான். சரியாகச் சொன்னால் உன் குரல். அதை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

பயமாக இருக்கிறது மச்சான். பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கருப்பையா குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டினால் தேவலை.

முதலிலிருந்தே சொல்கிறேன். இதை நம் பங்குக் கோயில் பத்திரிகையான பங்கு மலரில் போடக் கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டி வரும். சலித்துக்கொள்ளாதே.

நம் ஊர், தனிச் சாமியார் இல்லாத கிளைக் கிராமம். மண்டபத்திலிருந்து மினி பஸ் வரும் நாளில் வரும். பங்குச் சாமியார் மாசத்தில் இரண்டு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறு, சாவு, கல்லறை, நோயாளி, கடலுக்குப் போனவன் திரும்பாத நாள் எல்லாம் உபதேசியார் தலையில். இருபத்திரண்டு வருசம் அந்தத் தலை உன்னுடையது. நீ போய் எட்டு மாசம் ஆகிறது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சாமியார், அடுத்து யார் என்று கேட்டார். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். செபம் முழுக்க யாருக்கு மனப்பாடம் என்று கேட்டார். அப்போது எவனோ பின்னாலிருந்து, "சந்தியாகுக்குத் தெரியும் சாமி, போன கல்யாணத்துலகூட எடுத்தாப்ல" என்றான். சிரிப்பு கிளம்பியது. சாமியாருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் முத்துலட்சுமி இன்றைக்குத் தன் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருப்பார்.

எடுத்தது உன் குரலைத்தானே. நான் மைக் செட்டுக்காரன். எந்தக் கல்யாணமானாலும் பந்தி முடிந்ததும், "சந்தியாகு, உபதேசியாரை எடு" என்பார்கள். துண்டைத் தோளில் போட்டு, இரண்டு தடவை செருமி, மூக்கு வழியாக "ஆ...ண்டவரே" என்று இழுத்து, கடைசி வார்த்தையில் மாடிப்படி இறங்குகிற மாதிரி குரலை ஒவ்வொரு படியாக இறக்குவேன். கூடாரமே குலுங்கும். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டு நீதான் முதலில் சிரிப்பாய். உண்மையாகவே சிரித்தாயா மச்சான்? இல்லை, தங்கச்சி புருசனாயிற்றே என்று சிரித்தாயா?

சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். குடிக்கிறீரா என்றார். விட்டு இரண்டு வருசமாகிறது என்றேன். நன்றாக வாசிப்பீரா என்றார். மைக் இல்லாமலே கடல் வரை கேட்கும் என்றேன். கல்லறைத் தோட்டத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்றார். நான்காவதாக ஒரு கேள்வி வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை. நம்புகிறீரா என்று அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு பீடத்துக்கு முன் நின்று வாயைத் திறந்தேன். என் குரல் வரவில்லை. உன் குரல் வந்தது. அதே மூக்கு, அதே இழுவை. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நீயே திரும்பி வந்துவிட்டாய் என்று சொல்லி ஒரு கிழவர் என் கையை முத்தமிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் லூர்து மீன் உரசிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "எங்கண்ணன் தொண்டையைக் கழத்தி உங்க வாயில மாட்டிக்கிட்டு நிக்கிறீக. வெக்கமா இல்லையா?"

சனம் அழுகிறதே என்றேன்.

"கல்யாண வீட்டுல சிரிச்சாக. இங்கன அழுகுறாக. உங்களுக்கு ரெண்டும் ஒரே வேலைதான்."

நான் விடவில்லை. ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஓட்டுகிற டிரைவர் தீர்த்தமாட வேண்டும் என்று சட்டமா? அவன் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பஸ் போய்ச் சேரும், யாத்திரைக்காரர்கள் இறங்கிக் கும்பிடுவார்கள், அது மாதிரிதான் நானும் என்று வாதாடினேன். எனக்கே அந்த வாதம் ரொம்பப் பிடித்திருந்தது. டீக்கடையில் நாலு பேரிடம் திரும்பச் சொன்னேன்.

இத்தனைக்கும் அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தவன் நான். போன கோடையில் ராமநாதபுரத்திலிருந்து கோட்டு போட்ட ஒரு பிரசங்கியார் வந்து மூன்று நாள் கூட்டம் வைத்தார். என் மைக் செட்தான். மேடைக்குப் பின்னால் வந்து, "எக்கோ கூட்டுங்க பிரதர், எக்கோவுலதான் அபிஷேகம் இறங்கும்" என்று காதில் சொன்னார். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் தன் குரலுக்குத்தான் எக்கோ வைத்தார். நான் இன்னொருவன் குரலுக்கு எக்கோவாகவே ஆகிவிட்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை லூர்திடம்கூடச் சொன்னதில்லை. உன் காலை வெட்டி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோது, "எனக்காக ஒரு செபம் சொல்லு சந்தியாகு" என்று கேட்டாய். எனக்குக் கூச்சம். செருமினேன், மூக்கால் இழுத்தேன், உன் செபத்தை உனக்கே எடுத்துக் காட்டினேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். நீ அன்றைக்குக் கேட்டது சிரிக்கவா மச்சான்?

சரி, கதைக்கு வருகிறேன்.

மார்கழிக்கு முந்தி ஒரு வாடைக்காற்று வீசியது. ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பேரும் போன நாட்டுப்படகு மறுநாள் திரும்பவில்லை. அடுத்த நாள் காலையிலும் இல்லை. ஆரோக்கியத்தின் பெண்சாதி ரீத்தா கோயில் படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊர் கூடிவிட்டது. திரும்பாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, கரை சேர்க்கும்படி கேட்பது நம் வழக்கம்.

உன் தொண்டையைத் திறந்தேன். முதல் பெயர் சரியாகப் போனது. இரண்டாவது ஆரோக்கியம். பெயரைச் சொல்லி மூச்சு வாங்கினேன். நான் கல்யாண வீடுகளில் அதிகம் எடுத்தது உன் எந்தச் செபம் என்று உனக்குத் தெரியும். சாவுச் செபம். அதில்தான் இழுவை அதிகம், சிரிப்பும் அதிகம். பெயர், ஒரு மூச்சு, பிறகு "நித்திய இளைப்பாற்றி". இருபது வருசம் அந்தத் தடத்திலேயே ஓடிய வாய். பெயர் வந்தது, மூச்சு வந்தது, வாய் தானாக வழக்கமான பக்கம் திரும்பிவிட்டது. உயிரோடு கொண்டுவாரும் என்று கேட்க நின்றவன், ஆரோக்கியத்தின் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கொடும் ஆண்டவரே என்று, கடைசிப் படி வரை இறங்கி, அழகாகச் சொல்லி முடித்தேன்.

ரீத்தா எழுந்து நின்றாள்.

"அண்ணே, எம்புருசன் இன்னும் சாகலை. நீங்க யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்கீகன்னு உங்களுக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை மச்சான். அதுதான் உண்மை. யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. சனத்துக்கு முன்னால் உன்னை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்கிறவன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று நினைத்துக் கேட்டவன் வாய் அப்படித் தடம் மாறுமா?

மறுநாள் மத்தியானம் அந்தப் படகைப் பாம்பன்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்று காற்றோடு போயிருக்கிறது. மூன்று பேரும் உயிரோடு, உதடு வெடித்து, உப்புப் பூத்து இறங்கினார்கள். நான் ஓரமாக நின்று முகத்தை மூடிக்கொண்டேன். என்னைக் கல்லால் அடிப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஆயுசு கூடும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறதல்லவா? கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. உபதேசியார் சாவுச் செபம் சொன்னார், அதனால்தான் ஆரோக்கியத்துக்கு ஆயுசு நீண்டது, கூடவே மற்ற இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று அவர் ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் அது வேத வாக்காகிவிட்டது. ரீத்தா மட்டும் என்னைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போதே மறுத்திருக்கலாம். டீக்கடையில் ஒருத்தன், "நெசமாவே தெரிஞ்சுதான் சொன்னீகளா?" என்று கேட்டான். வாய் தவறிவிட்டதப்பா என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் கண்ணைச் சிமிட்டினேன். "விவரம் இல்லாமயா சொல்லுவேன்? அது ஒரு முறை" என்றேன்.

ஜோக்காகத்தான் சொன்னேன். அந்த ஜோக் பஸ் ஏறிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கருப்பையாவும் முத்துலட்சுமியும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். கையில் கால் கட்டிய ஒரு சேவல். மூன்று பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். ஆனால் நம் பக்கத்தில் கஷ்டம் வந்தால் எந்த வாசல் என்று யாரும் பார்ப்பதில்லை. வயிற்றுக் கட்டிக்கு மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று கருப்பையா சொன்னார். அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, எனக்கும் அந்தச் சாவுச் செபத்தைச் சொல்லிருங்க. எமன் வந்து பாத்துட்டு, இவ ஏற்கெனவே செத்தவதானேன்னு போயிருவான்ல. கத்தி வைக்காம இருந்தாப் போதும் சாமி."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மேடை கிடைத்தால் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாதா? துண்டைத் தோளில் போட்டேன். இரண்டு தடவை செருமினேன்.

முத்துலட்சுமியின் ஆத்துமாவுக்கு என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன். அந்த அம்மா கண்ணை மூடி, கைகூப்பி, தன் சாவுச் செபத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்த முகம்தான் இப்போது கண்ணை மூடினாலும் திறந்தாலும் எனக்கு முன்னால் நிற்கிறது.

சேவலை லூர்து அறுக்கவில்லை. என்னையும் அறுக்கவிடவில்லை. விடிந்தால் அது கூவும். ஆண்டவரைத் தெரியாது என்று அவருடைய சீடர் ராயப்பர் மூன்று தடவை சொன்ன பிறகு ஒரு சேவல் கூவியதே, அந்த நினைப்பு வந்துவிடும். "அது கூவுறது ஊருக்கில்ல" என்று லூர்து அடுப்படியிலிருந்து சொல்வாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். ஐம்பத்திரண்டு வயசுக்காரன் ஒரு சேவலுக்குப் பயந்த கதையை எங்கே போய்ச் சொல்ல?

ஒரு மாசம் போயிருக்கும். கருப்பையா போன் பண்ணினார். ரொம்ப சந்தோசமாகப் பேசினார். ஆபரேஷனுக்குப் போகவேயில்லையாம். செபம்தான் சொல்லியாயிற்றே. வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறதாம், இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். இன்னொரு தடவை அந்தச் செபத்தைச் சொல்ல முடியுமா, அவ்வளவு தூரம் அவளால் வரமுடியாது, போனை அவள் காதில் வைக்கிறேன் என்றார்.

போனைக் கட் பண்ணிவிட்டேன் மச்சான். சார்ஜ் இல்லை என்று பிறகு பொய் சொன்னேன்.

பயம் என்றால் எனக்கு இதுவரை கடலில் அலை எழும்பும்போது வருவதுதான். இது வேறு. இது உட்கார்ந்திருக்கும்போது வந்தது. மைக் டெஸ்டிங் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா செத்துப்போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான ஒரு நினைப்பும் வந்தது. அது ஊருக்குத் தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும் என்று. அந்த இரண்டாவது நினைப்பைக் கண்டுதான் நான் அதிகம் பயந்தேன். செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. சந்தோசமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று நாள் இப்படி ஒளிந்தேன். நாலாம் நாள் காலையில் லூர்து என் சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் போட்டாள்.

"போயிட்டு வாங்க. அங்கன போயி யாரு குரல்ல பேசுவீகன்னு பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே போங்க."

யோசிக்கத்தான் செய்தேன். யோசித்தால் நீதான் வந்தாய். ஒரு ஐப்பசி மாசம், அடைமழை. கோயிலில் வைத்திருந்த என் ஸ்பீக்கர் பெட்டி நனையுமே என்று எடுக்க வந்தேன். உள்ளே நீ மட்டும். ஒரு பெஞ்சிலும் ஆளில்லை. நீ பீடத்துக்கு முன்னால் நின்று, நிறைந்த கோயிலில் சொல்வது மாதிரியே ஒவ்வொரு செபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, யாரோ மறுபடி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, "அதைத்தான் சொல்றேன்" என்றாய். பிறகு தொடர்ந்தாய். நான் பெட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த கல்யாணத்தில் அதையும் சேர்த்துக்கொண்டேன். நல்ல கைதட்டல்.

நீ பேசிக்கொண்டிருந்தது யாரிடம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. குரலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

டிரைவர் வாதமும் அந்தப் பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டது. பஸ்ஸில் போகிறவனுக்குச் சாலை தெரியும், ஊர்ப் பெயர் எழுதிய பலகை தெரியும். தப்பான வழியில் போனால் சத்தம் போடுவான். செபத்துக்கு வந்து நிற்கிறவனுக்கு என் முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் முத்துலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்.

நான் போனபோது அந்த அம்மா வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தார். முகம் மஞ்சளடித்துப் பாதியாகியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "சாமி வந்துட்டாக" என்று கருப்பையாவிடம் சொன்ன குரலில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுக்கத்தான் நான் மூன்று பஸ் மாறி வந்திருந்தேன்.

"நான் சாமி இல்ல தாயி. மைக் செட்டுக்காரன். அன்னைக்குப் படகுக்காரனுக்குச் சொன்னது வாய் தவறிச் சொன்னது. அவன் பொழைச்சது கயிறு கட்டி இழுத்தவுகளால. உங்களுக்குச் சொன்னது நடிப்பு. அது என் குரலே இல்ல, செத்துப்போன என் மச்சான் குரலு."

கருப்பையா எழுந்து வெளியே போனார். அரிவாள் எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் கையில் தராமல் தரையில் வைத்தார்.

அந்த அம்மா கேட்டார்: "உங்க மச்சான் நம்பித்தான் சொன்னாரா?"

"அவன் நம்பித்தான் சொன்னான்."

"நீங்க?"

சாமியார் கேட்காமல் விட்ட கேள்வி. நான் ஜோக்கைத் தேடினேன் மச்சான், சத்தியமாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியலை தாயி. பயமா இருக்கு. அது மட்டும்தான் தெரியுது."

"எனக்கும்தான்" என்றார். "கத்திகூட இல்ல. மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காமப் போயிருவேனோன்னுதான்." சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்கு வாரேன் அண்ணே. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு செபம் சொல்லணும். செத்தவரு குரல்ல வேண்டாம், உங்க குரல்ல. பொய்யா இருந்தா எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவேன்."

சாமி என்று கூப்பிட்டவர் அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான். முதல் தடவையாக ஒரு பட்டம் பறிபோய் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிசமே மூச்சு நின்றது. இப்போது அவர் உயிர் மறுபடியும் என் வாயில்.

மதுரையில் டாக்டரம்மா, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கடிந்துகொண்டார். கருப்பையா தரையைப் பார்த்தார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னாலதான் டாக்டர் என்றேன். நீங்க யாரு என்று கேட்டார். உபதேசியார் என்ற வார்த்தை வெளியே வரவில்லை. கூட வந்தவன் என்றேன்.

இன்றைக்கு நாள் குறித்தார்கள். நடுவில் கிடைத்த நாலு நாளும் ஊருக்குத் திரும்பி மைக் செட் அறையைச் சாத்திக்கொண்டு என் குரலில் செபம் சொல்லிப் பார்த்தேன். முதலில் நீ வந்தாய். உன்னை விலக்கினால் கோட்டுப் பிரசங்கியார் வந்தார். அவரையும் துரத்தினால், மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் அனைவரையும் என்று ஒரு கல்யாண அறிவிப்பு. அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒருவருமில்லை. எல்லோர் குரலும் எடுக்கத் தெரிந்தவனுக்குச் சொந்தமாக ஒன்று இல்லை. நேற்றுப் பஸ்ஸில் வரும்போது, பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று மானாமதுரையில் ஒரு தடவை எழுந்துகூட நின்றேன்.

காலை எட்டு மணிக்குப் பச்சைத் துணி போர்த்தி, தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். தாலிக்கயிற்றைக் கழற்றிக் கருப்பையா துண்டில் முடிந்து வைத்திருந்தார். தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. தள்ளுகிறவர், சீக்கிரம் சொல்லிட்டு விடுங்க என்றார். அந்த அம்மா வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வாயைத் திறந்தேன். மூக்கில் நீ வந்துவிட்டாய். விழுங்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. தள்ளுகிறவர் வாட்சைப் பார்த்தார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. அந்த அம்மா எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"ஆண்டவரே" என்றேன். இழுவை இல்லாமல், கூப்பிடுகிற மாதிரி. "நீரு இருக்கீரான்னு நான் உம்மைக் கேட்டதே இல்லை. இப்பக் கேக்க நேரமும் இல்லை. இந்தத் தாயி உள்ள போறாக. நான் சொன்ன பொய்யால நாளாயிருச்சு. அதுக்கு இவுக உடம்பு என்ன செய்யும்? வெளிய கொண்டாந்துரும். எனக்குப் பயமா இருக்கு. வேற யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலை, உம்மகிட்டச் சொல்றேன்."

கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி இருந்தது சத்தம். நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆமென் சொல்ல மறந்தே போனேன். நடைக்கூடத்தில் ஒருத்தர்கூட அழவில்லை.

அந்த அம்மா கம்பியை விட்டார்.

"சரிண்ணே" என்றார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "தள்ளுங்கப்பா."

இதுவரை எழுதியபோது கதவு திறந்தது. பேனாவை மூடாமலே எழுந்தேன். டாக்டரம்மா கருப்பையாவிடம்தான் பேசினார், நான் ஓரமாக நின்று கேட்டேன். கட்டியை எடுத்தாகிவிட்டதாம். கண் விழித்துவிட்டாராம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், எப்படிப்பட்ட கட்டி என்று பத்து நாளில் தெரியுமாம். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மறுபடியும் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு. கருப்பையா நாற்காலிக்குத் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிக்கிறீகளா" என்று கேட்டார். காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. என்னால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

வருகிற ஞாயிறு சாமியார் வராத ஞாயிறு. பங்கு மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பீடத்துக்கு முன் நின்று முழுக்க வாசிக்கப் போகிறேன். டீக்கடைக் கண்சிமிட்டலையும் சேர்த்து. ரீத்தாவை முன்வரிசையில் உட்காரச் சொல்வேன். நீ வேண்டாம், இறங்கு என்று ஊர் சொன்னால் இறங்கிவிடுவேன். இரு என்றால் இந்தக் கிழிந்த குரலோடுதான் இருப்பேன். சாவுச் செபத்தால் ஆயுசு கூடும் என்று இனி யாராவது பஸ் ஏறி வந்தால், அதே பஸ்ஸில் நானும் ஏறி அவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவேன்.

பத்து நாள் இருக்கிறது மச்சான். பத்து நாளும் அந்த அம்மாவுக்காகக் கேட்பேன். ஆளில்லாத கோயிலிலும் கேட்பேன். நீ இப்போது ஆண்டவர் பக்கத்தில்தான் இருப்பாய். காலையில் நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொண்டு, எப்படியாவது எனக்கு ஒரு சாடை காட்ட உனக்குத் தோன்றும். காட்டாதே. காட்டினால் நான் மறுபடியும் துண்டைத் தோளில் போட்டுவிடுவேன். பதில் தெரியாமலே நாளைக்கும் கேட்கிறேன், நாளன்றைக்கும் கேட்கிறேன். கேட்பதை நிறுத்தமாட்டேன் என்பது மட்டும்தான் உனக்கு நான் தருகிற வாக்கு.

பயம் தெளியாத,
உன் தங்கச்சி புருசன்
சந்தியாகு